கடைசி 128 பைட்டில் ஒரு மாப்பிள்ளை

எண்ணிவிட்டால் சரிபார்த்தாகிவிட்டது என்று நம்புகிறவர்கள் சிலர் உண்டு. அவர்களில் ஆக மோசமானவன் நான். கோயிலுக்குப் போனால் பீடத்தில் எரிகிற மெழுகுவர்த்திகளை எண்ணுவேன். சாப்பிட உட்கார்ந்தால் மீன் துண்டுகளை எண்ணுவேன் (என் தட்டில் மட்டுமல்ல). மாத்திரை அட்டையில் மிச்சம் எத்தனை என்று எண்ணி முடித்துவிட்டு, மாத்திரையைப் போடாமலே எழுந்து போயிருக்கிறேன்.

இது தொழில் கொடுத்த வியாதி. தூத்துக்குடித் துறைமுகத்தில் டேலி கிளார்க்காக இருந்தவன் நான். கப்பலில் ஏறுகிற, இறங்குகிற பெட்டிகளை எண்ணி, நம்பர் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது வேலை. கன்டெய்னரின் நம்பர் பல பக்கங்களில் எழுதியிருக்கும். ஆனால் நான் கதவுப் பக்கம் போய்த்தான் வாசிப்பேன். பூட்டும் சீலும் அங்கேதான் இருக்கும். மற்ற பக்கங்களில் பெயின்ட் உரிந்திருக்கலாம், மேலே எவனாவது கிறுக்கியிருக்கலாம். கதவுப் பக்கம் பொய் சொல்லாது. வேலையில் சேர்ந்த நாள் முதல் ஓய்வு பெறும்வரை இந்த ஒரே விதியை வைத்துக் காலத்தை ஓட்டினேன். அதே விதியை வைத்துத்தான் என் கடைசி மகளின் கல்யாணத்தையும் நிறுத்தப் பார்த்தேன்.

ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் எண்ணுவதற்கு எதுவும் மிஞ்சவில்லை. அடுப்படிக்குள் நுழைந்து தேங்காய்ச் சிரட்டைகளை எண்ண ஆரம்பித்த அன்று, என் மனைவி திரேஸ் என்னைக் கம்ப்யூட்டர் பக்கம் தள்ளிவிட்டாள். அறுபத்தாறு வயதில் வலைப்பக்கம் எழுதக் கற்றேன். எங்கள் பங்குக் கோயிலுக்கு நானே ஒரு பக்கம் செய்து கொடுத்தேன். அதன் முக்கியமான வேலை ஓலை.

(தெரியாதவர்களுக்காக: கத்தோலிக்கக் கோயிலில் கல்யாணத்துக்கு முன்னால், இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்று மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் அறிவிப்பார்கள். பெண் வீட்டுப் பங்கிலும், அதாவது அவர்கள் ஊர்க் கோயிலிலும், வாசிப்பார்கள், மாப்பிள்ளை வீட்டுப் பங்கிலும் வாசிப்பார்கள். அதற்குப் பெயர் ஓலை. சாமியார் போனைப் பார்த்து வாசித்தாலும் ஓலைதான்.)

எங்கள் பங்கில் ஏறக்குறைய வீட்டுக்கு ஒருவர் கப்பலில் இருக்கிறார். சொந்தத் தங்கையின் ஓலையைக்கூட அவர்களால் வந்து கேட்க முடியாது. அதற்காகச் சாமியார் வாசிக்கும்போதே பதிவு செய்து, ஒவ்வொரு ஓலையையும் ஒரு சின்ன எம்பி3 கோப்பாக்கிப் பக்கத்தில் ஏற்றிவிடுவேன். எம்பி3 கோப்புக்குள் ஒலி மட்டும் இருக்காது. பாட்டின் பெயர், பாடியவர் பெயர் முதலிய விவரங்களையும் உள்ளே ஒட்டி வைக்கலாம். இதை டேக் என்பார்கள். பாட்டின் பெயர் வரவேண்டிய இடத்தில் மாப்பிள்ளை பெயரையும், பாடியவர் இடத்தில் பெண்ணின் பெயரையும் எழுதி வைப்பேன். என் பக்கம் அந்த டேக்கை வாசித்துத் திரையில் காட்டும்.

இந்த டேக் கோப்பில் இரண்டு இடங்களில் இருக்கலாம். புது முறையில் அது கோப்பின் தலையில் இருக்கும். இவ்வளவுதான் நீளம் என்று கணக்கில்லை. பழைய முறையில் கோப்பின் வாலில் இருக்கும். சரியாக 128 பைட். டேக் என்ற அடையாளத்துக்கு மூன்று, பெயருக்கு முப்பது, பாடியவருக்கு முப்பது, தொகுப்புக்கு முப்பது, ஆண்டுக்கு நான்கு, குறிப்புக்கு முப்பது, பாட்டின் வகைக்கு ஒன்று. கூட்டிப் பாருங்கள். முதல் தடவை நான் கூட்டிப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி அளந்து செய்த பொருளை நான் துறைமுகத்தில்கூடப் பார்த்ததில்லை. தமிழில் ஓர் எழுத்துக்கு மூன்று பைட், கொம்பு கால் வைத்தால் அதற்கும் மூன்று என்று போகும். என் மகள் பெயர் சகாய மெர்சி. எண்ணிப் பார்த்தேன், முப்பத்தொன்று. ஒன்று அதிகம். அதனால் பெயர்களை எல்லாம், சரக்கின்மேல் எழுதுவதைப் போல, ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுதினேன்.

தலை, வால் இரண்டில் எதை வாசிப்பது என்ற கேள்வியே எனக்கு எழவில்லை. வால்தான் கதவுப் பக்கம். தவிரவும், சர்வரிடம் "கடைசி 128 பைட்டை மட்டும் கொடு" என்று கேட்க முடியும். கப்பலில் இன்டர்நெட் சொட்டுச் சொட்டாக வரும். முழுக் கோப்பையும் இறக்குவதற்குள் கப்பலே கரை சேர்ந்துவிடும். அதனால் பக்கத்தின் உச்சியில் தடித்த எழுத்தில் ஓர் அறிவிப்பும் போட்டேன்: "கப்பலில் இருப்போர் ஒலியை இயக்க வேண்டாம். விவரங்களை வாசித்தாலே போதும்." அதோடு நிற்காமல், ஒரு தடவை வாசித்த விவரம் ஒரு மாதம்வரை அவரவர் போனிலேயே தங்கும்படியும் செய்தேன். மறுபடி இறக்குகிற சிரமம் இருக்கக் கூடாதல்லவா. இந்த மூன்று கெட்டிக்காரத்தனமும் ஒரே நாளில் ஒன்றன்பின் ஒன்றாக என் கழுத்துக்கு வந்தன.

மெர்சி ஒரு கப்பல் ஏஜென்சியில் வேலை பார்க்கிறாள். துறைமுகத்துக்கு வரும் கப்பல்களோடு நாள் முழுக்கப் போனில் பேசுவது அவள் வேலை. இரண்டு வருடத்துக்கு முன்னால் க்ளாரன்ஸ் என்பவனோடு அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, முதல் ஓலை வாசித்த பிறகு நின்றுபோனது. அவனுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்தது. கூடவே வெளிநாட்டில் வேறு யோசனைகளும் கிடைத்தன. மெர்சி அழுது நான் பார்க்கவில்லை. ஆனால் வீட்டில் யாரும் கல்யாணம் என்ற சொல்லைச் சொல்ல முடியாமல் இரண்டு வருடம் போனது.

அப்புறம்தான் டெனிஸ் வந்தான். கீழவைப்பார்க்காரன், கப்பலில் இன்ஜினியர். அவனுக்கு அப்பா இல்லை. அம்மா ரீத்தம்மாளும், அம்மாவின் தம்பி சூசையும் சேர்ந்து வளர்த்தார்கள். சூசை ஒரு கன்டெய்னர் கப்பலில் போசன், அதாவது மேல்தளத்து ஆட்களுக்கெல்லாம் தலைவர். அந்த வீட்டில் அவர் சொன்னால் சொன்னதுதான்.

நாங்கள் எதையும் மறைக்கவில்லை. நிச்சயத்துக்கு முன்பே சூசையிடம் க்ளாரன்ஸ் விஷயத்தை நானே பெயர் உட்படச் சொன்னேன்.

"முடிஞ்ச கதைய எதுக்கு அண்ணாச்சி சொல்லுதிய," என்றார் அவர். "இனி அந்தப் பேரு நம்ம காதுல விழாம இருந்தாச் சரி."

மூன்றாம் ஓலைக்கு மறுநாள், திங்கட்கிழமை கல்யாணம் என்று நாள் குறித்தோம். அந்த வாரத்துப் புதன், சாம்பல் புதன். அன்றைக்குத் தவக்காலம் தொடங்கிவிட்டால் ஈஸ்டர்வரை எங்கள் பக்கம் கல்யாணம் வைக்க மாட்டார்கள். ஈஸ்டருக்கு முன்பே டெனிஸ் கப்பல் ஏறியாக வேண்டும். ஏறினால் ஒன்பது மாதம். மெர்சி என்னிடம் ஒரே ஒரு தடவைதான் பேசினாள்: "அப்பா, இதுவும் ஓலையோட நின்னுச்சுன்னா, இனிமே யாரையும் வீட்டுக்குக் கூட்டிட்டு வராதிய."

முதல் ஓலை இரண்டு கோயிலிலும் நல்லபடியாக வாசிக்கப்பட்டது. வீட்டுக்கு வந்து கோப்பைத் தயார் செய்ய உட்கார்ந்தேன். அப்போதுதான் என் மிச்சம் பிடிக்கிற புத்தி வேலை செய்தது. க்ளாரன்ஸுக்கு வாசித்த பழைய ஓலைக் கோப்பு கம்ப்யூட்டரில் இருந்தது. பெண்ணின் பெயர், பங்கின் பெயர், முதல் ஓலை என்ற குறிப்பு, ஆரம்பத்து மணியோசை எல்லாம் அதில் தயாராக இருந்தன. புதிதாக எதற்கு எழுத வேண்டும்? பழைய கோப்பைத் திறந்து, பழைய குரலை நீக்கி, புதுக் குரலை ஒட்டிச் சேமித்தேன். மாப்பிள்ளை பெயர் மட்டும்தான் பாக்கி. அதற்குப் போனில் ஒரு புது ஆப் இறக்கியிருந்தேன். அதில் க்ளாரன்ஸை அழித்து டெனிஸ் என்று எழுதினேன். ஆப் பச்சை நிறத்தில் ஒரு டிக் காட்டியது.

அந்த ஆப் புதுக் காலத்து ஆப். அது தலையில் இருந்த டேக்கை மட்டும்தான் மாற்றியது. வாலில் க்ளாரன்ஸ் சௌகரியமாக உட்கார்ந்திருந்தான்.

கோப்பை ஏற்றிவிட்டுப் பக்கத்தைச் சரிபார்த்தேன். நேற்றுவரை அறுபத்தொரு ஓலைகள். இன்று அறுபத்திரண்டு. சரி. மூடிவிட்டுச் சாப்பிடப் போனேன். (எண்ணினேன், வாசிக்கவில்லை.) எங்கள் வீட்டிலும் யாரும் அதைத் திறக்கவில்லை. நேரில் கேட்டதை யார் போய் வாசிப்பார்கள்?

அடுத்த ஞாயிறு எங்கள் கோயிலில் இரண்டாம் ஓலையும் ஆனது. வீட்டுக்கு வந்து இட்லியில் கை வைத்தபோது ரீத்தம்மாள் போனில் வந்தாள்.

"அண்ணாச்சி, உங்க கோயில்ல இன்னைக்கு ஓலை வாசிச்சாவளா?"

"வாசிச்சாச்சு தாயி. ரெண்டாவது. அங்க?"

ரீத்தம்மாள் குரலைத் தாழ்த்தினாள்.

"இங்க வாசிக்கல."

"சாமி மறந்திருப்பாரு."

"மறக்கல அண்ணாச்சி. சூசை காலையிலயே கப்பல்லருந்து சாமிக்குப் போன் போட்டுத் தடை சொல்லிட்டான். உங்க பொண்ணுக்கு அங்கன வேற மாப்பிள்ளைக்கு ஓலை வாசிக்காவளாம். எங்க பையனுக்கு இங்கன வாசிக்கணுமாம். உங்க கோயில் வலைப்பக்கத்துலயே பேரு போட்டிருக்காம். ஊரே எங்க வாசல்ல நிக்கி. நான் என்ன சொல்ல?"

கையைக் கழுவாமலே பக்கத்தைத் திறந்தேன். அறுபத்திரண்டாவது இடத்தில் கோயில் படம். அதன்கீழே பெரிய எழுத்தில் மணமகள் சகாய மெர்சி, மணமகன் க்ளாரன்ஸ், முதல் ஓலை. ஆண்டைக் காட்டியிருந்தாலாவது பழையது என்று யாருக்காவது தோன்றியிருக்கும். இடத்தை மிச்சம் பிடிப்பதற்காக ஆண்டைக் காட்டாமல் விட்டதும் நானே.

மெர்சி பின்னால் வந்து நின்று திரையைப் பார்த்தாள். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இது யாருப்பா?" என்று மட்டும் கேட்டாள்.

நான் நெஞ்சில் கை வைத்தேன். திரேஸ் என்னைப் பார்த்தாள்.

"நெஞ்சு வலிக்கா?"

"இல்ல."

"வலிக்கணும்," என்றாள்.

கீழவைப்பார்ப் பங்குச் சாமியாருக்குப் போன் செய்தேன். பொறுமையாகத்தான் பேசினார். "பெரியவரே, நீங்க சொல்லுறத நான் நம்புதேன். ஆனா தடைன்னு ஒருத்தர் சொன்ன பிறகு வாசிக்க முடியாது. சொன்னவரே திரும்ப எடுக்கணும். நீங்க எடுக்க முடியாது, புகாரே உங்க வீட்டு மேலதான. சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஒரு பூச இருக்கு. அதுக்குள்ள சூசை என்கிட்டச் சொல்லிட்டா அதுல வாசிச்சிருதேன்."

"இல்லன்னா சாமி?"

"இல்லன்னா அடுத்த ஞாயிறுதான் ரெண்டாவது."

அப்படியானால் மூன்றாவது தவக்காலத்தில் விழும். வாசிக்காமல் விட்ட ஓலைக்கு, சாமியார்களுக்கெல்லாம் மேலே இருக்கிற ஆயரிடம் விலக்குக் கேட்கலாம். தடை சொல்லப்பட்ட ஓலைக்கு எந்த முகத்தோடு போய்க் கேட்பது?

அந்த நேரத்தில் ஒரு நல்ல தகப்பன் சூசையை அழைத்து மன்னிப்புக் கேட்டிருப்பான். நான் ஜாவாஸ்கிரிப்ட்டைத் திறந்தேன். பயம் வந்தால் எனக்குத் தெரிந்தது அதுதான். வாலை வாசிக்கிற வரிகளை நீக்கிவிட்டுத் தலையை வாசிக்கிற வரிகளை எழுதினேன். அவசரத்தில் அடைப்புக்குறி ஒன்று விட்டுப்போய், பக்கம் முழுக்க வெள்ளையானது. பிறகு சரியானது. மெர்சியின் ஓலையில் மணமகன் டெனிஸ் என்று வந்தது. ஆனால் மற்ற அறுபத்தொரு ஓலைகளின் தலையில் என்ன இருந்ததோ, மாப்பிள்ளைகளும் பெண்களும் கட்டம் கட்டமாகவும் கேள்விக்குறிகளாகவும் மாறினார்கள். (அதில் ஒரு கேள்விக்குறியின் அப்பா மறுநாள் வீட்டுக்கே வந்துவிட்டார்.)

அன்றைக்கு எனக்கு ஒரு ஜோடி போதும். டெனிஸுக்குச் சொன்னேன். அவன் அங்கே திறந்து பார்த்தான். "மாமா, எம் பேருதான் இருக்கு. சூசை மாமாவத் திரும்பத் திறந்து பாக்கச் சொல்லுதேன்," என்றான்.

நாங்கள் மூவரும் போனைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். திரேஸ் கையில் செபமாலை. நான் அதன் மணிகளை எண்ணாமல் இருக்கப் பாடுபட்டேன்.

டெனிஸ் மறுபடி அழைத்தபோது அவன் குரல் இறங்கியிருந்தது. "திறந்து பாத்துட்டாரு மாமா. இன்னும் க்ளாரன்ஸ்தான் இருக்காம். ஏலே, கண்ணு போனது உனக்கா எனக்காங்காரு. நீங்க எல்லாரும் சேந்து என்னைய ஏமாத்துறியன்னு சொல்லுதாரு."

ஒரு மாதம். நானே போட்ட ஒரு மாதம். நான் இங்கே எதை மாற்றினாலும் சூசையின் போனில் இன்னும் மூன்று வாரத்துக்குமேல் க்ளாரன்ஸ்தான் மாப்பிள்ளை.

"ஒலியப் போட்டுக் கேக்கச் சொல்லுப்பா," என்றேன். "அதுல சாமியார் குரல்லயே உன் பேரு இருக்கு. நாப்பது செகண்டுதான்."

"சொன்னேன் மாமா."

"என்ன சொன்னாரு?"

"கேக்க வேண்டாம், வாசிச்சாலே போதும்னு அந்தப் பக்கத்துலயே கொட்ட எழுத்துல போட்டிருக்கு, அத எழுதுனதே உன் மாமனார்தானன்னு கேக்காரு." அவன் கொஞ்சம் தயங்கினான். "இன்னொண்ணு மாமா. மூணு மணிக்கு நங்கூரம் தூக்கிருவாங்களாம். அதுக்கப்புறம் நாலு நாளைக்கு அவரப் பிடிக்க முடியாது."

நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எண்ணுவதற்கு ஒன்றும் தோன்றவில்லை. அது எனக்கு அபூர்வம்.

மெர்சி கையை நீட்டினாள். "அவுக நம்பரக் குடுங்க."

"ஏளா, கல்யாணப் பொண்ணு மாப்பிள்ளையோட தாய்மாமன்கிட்ட நேராப் பேசுறது முறையா?" என்றாள் திரேஸ்.

"முறையாப் பேசினவுக செஞ்சதத்தான் பாத்துட்டோமே," என்றாள் மெர்சி.

இரண்டு தடவை தொடர்பு அறுந்தது. மூன்றாவது தடவை காற்றுச் சத்தத்துக்கு நடுவே ஒரு கரகரத்த "யாரு?" வந்தது. மெர்சி ஸ்பீக்கரைப் போட்டு, போனை மேசைமேல் வைத்தாள். அலுவலகத்தில் கப்பல்களோடு பேசுகிற அதே குரலில் பேசினாள். நான் அந்தக் குரலை வீட்டில் கேட்டதில்லை.

"தூத்துக்குடியிலருந்து மெர்சி பேசுதேன் மாமா. நீங்க கோவப்படுங்க, நான் கேட்டுக்கிடுதேன். அதுக்கு முன்னால ஒரே ஒரு கேள்வி. ஒங்க கப்பலுக்கு வார காலிப் பெட்டியில, பழைய சரக்கோட ஆபத்து ஸ்டிக்கரக் கிழிக்காம அப்படியே வந்துருமா?"

"வரும். எவன் கிழிக்கான்."

"அதப் பாத்துட்டு, உள்ள ஆசிட்டு இருக்குன்னு எழுதுவியளா?"

"எந்த மடையன் எழுதுவான்? பேப்பரப் பாக்கணும், சீலப் பாக்கணும்."

"எங்கப்பா எழுதுவாரு மாமா. எழுதிட்டாரு. ரெண்டு வருசத்துப் பழைய பெட்டிய எடுத்து, அதுல புதுச் சரக்க ஏத்தி, முன்பக்கம் புது ஸ்டிக்கரும் ஒட்டிட்டாரு. பின்பக்கத்துப் பழச மட்டும் கிழிக்கல. அந்த வலைப்பக்கம் பின்பக்கத்த மட்டுந்தான் வாசிக்கும், அதுவும் அவரு செஞ்ச ஏற்பாடுதான். உள்ள இருக்க சரக்கு ஒங்க டெனிஸ்தான் மாமா. வேற ஆளே கெடையாது."

லைன் அறுந்துவிட்டது என்று நினைத்தேன். திரேஸ் கண்ணை மூடிக்கொண்டாள்.

"அந்த க்ளாரன்ஸ் பயல என்ன செஞ்சிய?" என்றது போன்.

"ரெண்டு வருசம் முன்னாலயே எறக்கியாச்சு மாமா. அதுவும் காலிப் பெட்டிதான்."

சூசை சிரித்தாரா, இருமினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. "சாமிகிட்டப் பேசுதேன்," என்றார். அதோடு லைன் அறுந்தது.

ஆனால் சாமியார் போனை எடுக்கவில்லை. பக்கத்து ஊரில் ஓர் அடக்கத்துக்குப் போயிருந்தார். சூசை அவருக்குக் குரலிலேயே ஒரு செய்தி பதிந்து அனுப்பிவிட்டதாக டெனிஸ் சொன்னான். சாமியார் அதைக் கேட்டாரா, கேட்கவில்லையா, யாருக்கும் தெரியாது. அதற்குள் மூன்று மணி ஆகிவிட்டது. கப்பல் கிளம்பியிருக்கும்.

வாடகைக் கார் பிடித்து மூவரும் கீழவைப்பாருக்குப் புறப்பட்டோம். வழி நெடுக உப்பளம். அம்பாரம் அம்பாரமாக உப்பு.

"எண்ணுதியளா?" என்றாள் திரேஸ்.

"இல்ல."

"உதடு ஆடுது."

கோயில் நிறைந்திருந்தது. ஞாயிறு மாலைப் பூசைக்கு இத்தனை கூட்டம் வராது என்று எனக்குத் தெரியும். காலையில் ஏன் ஓலை நின்றது, மாலையில் என்ன ஆகும் என்று பார்க்க வந்த கூட்டம். நாங்கள் நுழைந்ததும் எல்லாத் தலைகளும் திரும்பின. மெர்சி நேராகப் பார்த்தபடி நடந்துபோய் ரீத்தம்மாள் பக்கத்தில் உட்கார்ந்தாள். ரீத்தம்மாள் நகர்ந்து இடம் கொடுத்தாள். ஆனால் முகத்தைத் திருப்பவில்லை. நான் சாமியார் உடுப்பு மாற்றுகிற அறைக்கு ஓடினேன்.

அவர் பூசை உடுப்போடு தயாராக நின்றார். கழுத்துப் பட்டியில் மைக் குத்தியிருந்தது.

"செய்தி வந்துட்டா சாமி?"

"அடக்கத்துலருந்து இப்பத்தான் வாரேன். வந்திருக்கு போல. எறங்க மாட்டேங்கு." போனைக் காட்டினார். சூசையின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வளையம் சுற்றிக்கொண்டே இருந்தது. "இங்கன நெட்டு இப்படித்தான். ஜன்னல்கிட்டக் கொஞ்சம் நல்லா வரும்."

இருவரும் ஜன்னல் ஓரம் போய் நின்றோம். வளையம் சுற்றியது. கோயிலுக்குள் யாரோ இருமினார்கள். பாடற்குழுவில் ஒருவர் ஆர்மோனியத்தை ஒரு தடவை அமுக்கிப் பார்த்துவிட்டு நிறுத்தினார். சாமியார் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து தாண்டியிருந்தது.

"பெரியவரே, ஆளுக காத்திருக்காவ."

"இன்னும் ஒரு நிமிசம் சாமி. எறங்கிரும். சின்னக் கோப்பாத்தான் இருக்கும்."

வளையம் மறைந்து முக்கோணம் வந்தது. சாமியார் போனைக் காதில் வைத்தார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவர் முகத்திலும் ஒன்றும் தெரியவில்லை. என் மகளின் வாழ்க்கை அந்தக் காதுக்குள் ஓடிக்கொண்டிருக்க, நான் வெளியே நிற்பதா?

"சாமி, ஸ்பீக்கர்ல போடுங்க," என்றேன். "நானும் கேக்கணும். ஆரம்பத்துலருந்து."

நல்ல மனிதர். ஸ்பீக்கரைப் போட்டார். எனக்குக் காது மந்தம் என்பதால் சத்தத்தையும் முழுக்க ஏற்றி, போனை எனக்கும் அவருக்கும் நடுவே, தன் நெஞ்சுக்கு நேராகப் பிடித்தார்.

"தோத்திரம் சாமி, சூசை பேசுதேன். காலையில சொன்ன தடைய நானே திரும்ப எடுத்துக்கிடுதேன். பொண்ணு மேல ஒரு குத்தமும் இல்ல. பொண்ணு தங்கம். தப்பெல்லாம் பொண்ணோட அப்பன் மேல."

குரல் இரண்டு தடவை கேட்டது. ஒன்று போனிலிருந்து. இன்னொன்று, கொஞ்சம் பிந்தி, சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து. எனக்கு அது உறைப்பதற்குள் சூசை அடுத்த வாக்கியத்துக்குப் போய்விட்டார்.

"அந்தப் பெரிய மனுசனுக்கு எண்ண மட்டுந்தான் தெரியும் சாமி, வாசிக்கத் தெரியாது. இத்தன வருசத்துல எந்தப் பெட்டிய எந்தக் கப்பல்ல ஏத்தி எந்த நாட்டுக்கு அனுப்பினாரோ, ஆண்டவருக்குத்தான் வெளிச்சம். நீங்க ஓலைய வாசிங்க."

முதலில் பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு. பிறகு ஆண்கள் பக்கம். பிறகு பக்கம் பிரிக்க முடியாதபடி கோயில் முழுக்க. சாமியார் குனிந்து கழுத்து மைக்கைப் பார்த்தார். அதில் ஒரு பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அணைத்தார். அணைத்து என்ன பயன்.

நான் ஜன்னல் வழியாக வெளியேற முடியுமா என்று பார்த்தேன். கம்பிகள் இருந்தன. (ஆறு.)

"ஒருவிதத்துல நல்லதுதான்," என்றார் சாமியார், மைக் அணைந்ததா என்று மறுபடி பார்த்துவிட்டு. "காலையிலருந்து ஆளுக்கொரு கத சொல்லிட்டு இருந்தாவ. நான் விளக்கம் சொல்லியிருந்தா பாதிப் பேரு நம்பியிருக்க மாட்டாவ. இப்ப தடை சொன்னவன் வாயாலயே எல்லாரும் கேட்டாச்சு."

உள்ளே போனார். பூசை முடிகிற நேரத்தில் எழுந்து நின்று, எந்த முன்னுரையும் இல்லாமல், எங்கள் மகள் பெயரையும் டெனிஸ் பெயரையும் வாசித்து, "இது இரண்டாம் ஓலை" என்றார். நான் பின்வாசல் தூண் மறைவில் நின்று கேட்டேன். ரீத்தம்மாள் மெர்சியின் கையைப் பிடித்திருந்தது அங்கிருந்து தெரிந்தது. திரேஸ் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அழுதாளா, சிரிப்பை அடக்கினாளா என்று நான் விசாரிக்கவில்லை.

மூன்றாம் ஓலை அடுத்த ஞாயிறு. மறுநாள் கல்யாணம். புதன்கிழமை எல்லோரும் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டபோது மெர்சி கீழவைப்பார் வரிசையில் நின்றாள். என் வலைப்பக்கம் இப்போது தலையையும் வாலையும் சேர்த்து வாசிக்கிறது. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் எதையும் காட்டாது. கப்பலில் இருப்போருக்கான அந்த அறிவிப்பை எடுத்துவிட்டேன்.

ஆனால் சூசையின் குரல் செய்தியை யாராலும் எடுக்க முடியவில்லை. டெனிஸ் அதைச் சாமியாரிடமிருந்து வாங்கி, எண்ண மட்டுந்தான் தெரியும், வாசிக்கத் தெரியாது என்ற இடத்தை மட்டும் வெட்டி, தன் போனில் என் அழைப்புக்கு உரிய மணியோசையாக வைத்துக்கொண்டான். நான் எப்போது கூப்பிட்டாலும் அவன் இருக்கிற இடத்தில் சூசை முழங்குகிறார். பேருந்தில் முழங்கியிருக்கிறார். பல் மருத்துவரிடம் முழங்கியிருக்கிறார். மாற்றச் சொல்லி மெர்சியிடம் முறையிட்டேன். அவள்தான் வெட்டிக் கொடுத்தாளாம்.

போன வாரம் டெனிஸ் விடுமுறையில் வந்திருந்தான். ஏரலில் ஒரு கடையில் பழம் வாங்கிக்கொண்டிருந்தபோது, வீட்டுக்கு வந்து சேர்ந்தானா என்ற கவலையில் நான் அழைத்துவிட்டேன். அந்தக் கடை எது என்றே எனக்குத் தெரியாது. அந்தக் கடைக்கார அண்ணாச்சி என்னை ஒருநாளும் பார்த்ததில்லை. போன் முழங்கியதும், தராசிலிருந்து கண்ணை எடுக்காமலே அவர் சொன்னாராம்:

"எடுத்துப் பேசுங்க தம்பி. வாசிக்கத் தெரியாத மனுசன், மெசேஜ் போட்டா அவருக்கு எப்படித் தெரியும்?"